பாட முடியாதவருக்காகப் பாடுவோர்: நீலகிரிக் கிறிஸ்தவமும் நிலைத்த மகிழ்ச்சி பற்றிய கேள்வியும்

இயேசுவை நம்பினால் நிலையான மகிழ்ச்சி கிடைக்கும் என்ற வாக்குறுதி நீலகிரியில் கண்ணில் படாத இடமில்லை. கன்வென்ஷன் சுவரொட்டிகளிலும், தேயிலை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் முன்கண்ணாடியிலும், வீட்டு நிலைக்கு மேலே ஒட்டிய நாட்காட்டியிலும் அதைப் படிக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. தமிழகம் முழுவதும் கிறிஸ்தவர் 6 விழுக்காட்டை ஒட்டியே இருக்க, இங்கே பத்தில் ஒருவருக்கும் மேல் கிறிஸ்தவர். ஆகவே அந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்க்க இது பொருத்தமான மண். ஒரு மகிழ்ச்சி நிலையானதா என்பது நல்ல காலத்தில் தெரியாது. கொழுந்துக்கு விலை இருக்கும்போதும், உடம்பில் தெம்பு இருக்கும்போதும் யாரும் நன்றி சொல்லிப் பாடலாம். விலை விழுந்தபின், ஊர் மாறியபின், படுக்கையில் விழுந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. இந்த மலையின் இருநூறு ஆண்டு வரலாற்றை அந்தக் கேள்வியோடு வாசித்தால் ஒரு விடை தெளிகிறது என்பது என் கருத்து. கிறிஸ்தவ மகிழ்ச்சி நிலைத்த இடங்களிலெல்லாம் அது தனி மனிதரின் கையிருப்பாக இருந்ததில்லை. அவரால் அதைத் தாங்க முடியாத நாளில் அவருக்காக வேறு சிலர் அதைத் தாங்கியிருக்கிறார்கள். தனிச் சொத்தாக விற்கப்பட்ட மகிழ்ச்சியோ சீக்கிரமே தேய்ந்துபோயிருக்கிறது.

முதலில் வேதம் உண்மையில் எதை வாக்களிக்கிறது என்று பார்ப்பது நல்லது. மகிழ்ச்சியைப் பற்றி ஓயாமல் பேசும் பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் எழுதியது காவலில் இருந்தபடி. எழுதியதும் தனி ஒருவருக்கு இல்லை, ஒரு சபைக்கு. அந்தச் சபையோ அவருக்கு உதவி அனுப்பிவைத்த சபை. சங்கீதப் புத்தகத்தில் துதிப் பாடல்களுக்குச் சற்றும் குறையாமல் புலம்பல்கள் இருக்கின்றன; கடவுள் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று முறையிடும் பாடல்களும் வழிபாட்டில் பாடுவதற்கென்றே தொகுக்கப்பட்டவை. கெத்செமனேயில் இயேசுவே மரணத்துக்கேதுவான துக்கத்தைச் சொல்லிக்கொள்கிறார், கூட விழித்திருக்க மூன்று பேரைக் கேட்கிறார், அவர்கள் தூங்கிவிடுகிறார்கள். மகிழ்ச்சியைத் தனி ஒரு புண்ணியமாக வைக்காமல் அன்பு விளைவிக்கும் பலனாக வைத்தவர் அக்குவினாவின் தோமா. திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இலும் பிரான்சிஸ் 2013இலும் மகிழ்ச்சியையே தலைப்பாக்கி மடல்கள் எழுதினார்கள். எப்போதும் சிரித்த முகம் காட்டச் சொல்லும் கிறிஸ்தவத்துக்கு இந்த மரபில் ஆதாரம் மெலிவு. மகிழ்ச்சியை நேரே குறிவைத்துத் தேடினால் அகப்படாது என்பதும், துக்கத்தை மறைத்து வைத்த இடத்தில் அது தங்காது என்பதும்தான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

சமூக அறிவியலும் ஏறக்குறைய இதே திசையைக் காட்டுகிறது. பிலிப் பிரிக்மனும் அவர் கூட்டாளிகளும் 1978இல் லாட்டரியில் பெரும்பணம் விழுந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்று கண்டார்கள். வந்த நன்மை பழகிப்போய்விடுகிறது. பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்காவில் தவறாமல் வழிபாட்டுக்குச் செல்வோரில் 36 விழுக்காட்டினர் தம்மை மிகவும் மகிழ்ச்சியானவர் என்றனர். பெயருக்கு மதம் வைத்திருப்போரிலும் மதமே இல்லாதோரிலும் அந்த அளவு 25 விழுக்காடு. விசுவாசமே காரணம் என்று இதை வைத்து முடிவுகட்டத் தோன்றும். ஆனால் பெயரளவு விசுவாசிக்கும் விசுவாசமே இல்லாதவருக்கும் ஒரே எண் வருவது யோசிக்க வைக்கிறது. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. ஆராதனைக்குப் போவது மட்டும் மனநிறைவைக் கூட்டவில்லை. அந்தச் சபைக்குள் நெருங்கிய நண்பர்கள் இருந்தவர்களுக்கே கூடியது, அதிலும் தம் சமய அடையாளத்தை முக்கியமாகக் கருதியவர்களுக்கே. ஒவ்வொரு ஞாயிறும் வந்து யாரோடும் பேசாமல் திரும்புகிறவருக்குப் பெரிய பலன் தெரியவில்லை. அமெரிக்க எண்களை அப்படியே கோத்தகிரிக்குக் கொண்டுவர முடியாது. இருந்தாலும் கோத்தகிரியில் எதைத் தேட வேண்டும் என்பதை அவை சொல்லித்தருகின்றன.

மலைக்கு வருவோம். இங்கே கிறிஸ்தவர்களைத் தேடிவந்த முதல் ஐரோப்பியர் இயேசு சபைப் பாதிரியார் யாக்கோமோ ஃபெனிசியோ. மலையில் பழைய கிறிஸ்தவக் குடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு 1603இல் ஏறிவந்தவர், தோடர்களையும் அவர்களுடைய எருமைகளையும் கண்டு இறங்கிப்போனார். ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் வந்தது ஓய்வூர்க் கிறிஸ்தவம். உதகை புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டி, 1830இல் பிரதிஷ்டை செய்து, 1831 ஈஸ்டர் ஞாயிறன்று திறந்தார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மரம். தோற்றவனின் வீட்டு மரத்தின் கீழ் உட்கார்ந்து உயிர்த்தெழுதலைப் பாடியவர்களுக்கு அது உறுத்தியதாகத் தெரியவில்லை. அதே ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில்தான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஆட்சி செய்தவர்களின் கிறிஸ்தவத்திலும் துக்கம் இருந்தது, விசுவாசமும் இருந்திருக்கும். ஆனால் கோடையில் ஏறி மழையில் இறங்கும் மக்களின் சபை நம் கேள்விக்கு அதிகம் உதவாது.

உதவுவது கேத்தியில் நடந்த கதை. ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஜார்ஜ் காசமேஜரின் உதவியோடு பாசல் மிஷன் 1846இல் அங்கே வேலையைத் தொடங்கியது. படகரின் ஊர்களான ஹட்டிகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தவர்களில் முதன்மையானவர் மிஷனெரி மெட்ஸ். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். இடைப்பட்ட ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அவர்கள் கையில் கணக்கு காட்ட ஒன்றுமில்லை. மெட்ஸ் அந்தக் காலத்தில் மலை மக்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புகள் 1856இல் நூலாகவும் வந்தன. அவரும் அவருக்குப்பின் வந்தவர்களும் விரிவாகப் பதிந்த ஒன்று படகரின் சாவுச் சடங்கு. இறந்தவரின் பாவங்களை முதியவர் ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்வார்; எல்லைக்கல்லை நகர்த்தியது, பசுவை அடித்தது, அண்டை வீட்டாரின் நல்ல பயிரைக் கண்டு பொறாமைப்பட்டது என்ற விதமாக அது நீளும். கூடியிருப்போர் அது பாவம் என்று சேர்ந்து சொல்வார்கள். ஆயிரத்து முந்நூறு பாவங்கள் என்பது அங்கே வழங்கும் கணக்கு. முடிவில் பாவங்கள் அத்தனையும் ஒரு கன்றின்மேல் ஏற்றப்பட்டு அது விரட்டிவிடப்படும். மன்னிப்பு வேண்டும் என்ற தாகத்தை மிஷனெரி இந்த மலைக்குக் கொண்டுவரவில்லை. அது முன்பே இருந்தது, அதுவும் ஊரே கூடி நின்று நிறைவேற்றும் கடமையாக இருந்தது. இறந்தவரால் தம் பாவத்தைத் தாமே சொல்ல முடியாது, மற்றவர் சொல்கிறார்கள். தாமே பாடிக்கொள்ளவும் முடியாது, மற்றவர் பாடுகிறார்கள்.

மிஷனின் தோல்வியையும் பிற்பாடு கிடைத்த சிறு வெற்றியையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே மன்னிப்பு உண்டு என்பது அவர்கள் கொண்டுவந்த செய்தி. மகிழ்ச்சிக்கு அது பெரிய காரணம்தான். ஆனால் ஹட்டியைவிட்டு வருகிறவர் நிலத்தையும் உறவையும் மட்டும் இழக்கவில்லை, தம் சாவுக்கு நின்று பாவம் சொல்லும் ஊரையே இழந்தார். தனி ஒருவருக்கு மட்டும் தரப்பட்ட ஆனந்தம் அந்த இழப்புக்கு ஈடாகாது என்று பன்னிரண்டு ஆண்டுகள் மலை பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்றே நான் படிக்கிறேன். மிஷன் வேரூன்றியது பள்ளியும், மாலை ஜெபமும், கிறிஸ்தவக் கல்லறையும் சேர்ந்து இன்னொரு ஊராக ஆனபிறகே. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனெரிகளை அரசு தடுத்து வைத்து நாட்டைவிட்டு அனுப்பியபோதும் பாசல் மிஷன் சபைகள் கலைந்துவிடவில்லை. போதித்தவர் போனபின்னும் பாட்டு நின்றுபோகவில்லை என்றால் அது போதித்தவரின் உற்சாகத்தில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்று பொருள்.

இதைவிடக் கடுமையான சோதனை தாயகம் திரும்பியவர்களுடையது. இலங்கை மலையகத் தமிழரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கப்பலில் ராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து மலை. அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று லயன் வீடுகள் நிரம்பின. வந்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் கணிசமாக இருந்தார்கள், பெந்தெகொஸ்தே சபைகள் பின்னர் அவர்களிடையே வேகமாகப் பரவின. தாத்தா காலத்து ஊரில் யாரும் அடையாளம் காணவில்லை, உள்ளூரில் சிலோன்காரர் என்ற பெயர். பறிகொடுக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் இருந்தவர்களிடம் சந்தோஷத்தைப் பற்றிப் பேசுவது கேலியாகத்தான் இருந்திருக்கும், வாயால் மட்டும் பேசியிருந்தால்.

எஸ்டேட் ஜெபக்கூட்டம் ஒன்று எப்படி நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்தால் வாயால் பேசுவதையும் தாண்டி அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். காலையில் பனி ஈரத்தில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறி, மாலையில் கொழுந்தை எடை போட்டு, தண்ணீர்க் கழிவு என்று பிடித்தது போக மிச்சத்தைச் செக்ரோல் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டு வந்த பெண்கள்தான் கூட்டத்தில் பெரும்பகுதி. பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்துப் பன்னிரண்டு பேர். முதல் இரண்டு பாட்டு கைத்தாளத்தோடு. பிறகு சாட்சி: மகனுக்குக் காய்ச்சல் விட்டது, வங்கியில் நகை மீட்டது, கரடி குறுக்கே வந்தும் விலகிப்போனது. அப்புறம் ஜெப விண்ணப்பம். ஒருத்தி கணவன் குடியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து அழுதுவிடுகிறாள், பாடவில்லை. யாரும் அவளைப் பாடச் சொல்வதில்லை. பக்கத்திலிருப்பவள் கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் அடுத்த பாட்டை எடுக்கிறார்கள். பிளேன்டீ வருகிறது. அடுத்த வாரம் கூட்டம் அவள் வீட்டில் என்று முடிவாகிறது. அந்த முடிவில்தான் விஷயமே இருக்கிறது. அழுதவள் வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வந்து உட்காரப்போகிறார்கள், குடிக்கும் கணவனும் திண்ணையில் இருந்து அதைக் கேட்கப்போகிறான். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற பெயரில் நடப்பதும், உதகை காந்தல் குருசடியில் மே 3 திருவிழாவுக்குக் குடும்பமாகச் சேர்ந்து ஏறிவருவதும் இதன் வேறு வடிவங்கள். லிம்மும் புட்னமும் எண்களில் கண்ட சபை நட்புக்கு லயத்தில் பெயர் வேறு, அவ்வளவுதான்.

இது அபின்தானே என்ற மறுப்பை மார்க்ஸ் 1844லேயே எழுதிவிட்டார். தோட்டத்தில் அதற்கு வலு இரட்டிப்பு. கூலி போதாத இடத்தில் மக்கள் பாடிக்கொண்டிருந்தால் நிர்வாகத்துக்கு நல்லதுதான். எட் டீனரும் லூயிஸ் டேயும் டேவிட் மையர்ஸும் 2011இல் பல நாட்டுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்குத் துணையும் போகிறது. வாழ்க்கை கடினமான சமூகங்களில்தான் மதப்பற்றுக்கும் மனநிறைவுக்கும் தொடர்பு வலுவாக இருந்தது. வசதியான நாடுகளில் அது மங்கிவிட்டது. மார்க்ஸ் பாதி சரி என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் இன்னொரு பாதி உண்டு. வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் சொல்கிறது. கொழுந்து பறிக்கிறவருக்கு அதைவிட நேரடியான வேதவாக்கியம் கிடையாது. பதின்மூன்றாம் லியோ 1891இல் எழுதிய மடல் நியாயமான கூலியைத் தொழிலாளியின் உரிமை என்றது. தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்து சிறு விவசாயிகள் தவித்தபோதும், டேன்டீயில் ஓய்வுபெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமோ என்று அஞ்சியபோதும், அந்த நிருபத்தைப் பிரசங்கத்துக்கு எடுக்காத பீடம் மகிழ்ச்சியை அபினாகத்தான் கொடுத்தது. எடுத்த பீடம் வேறொன்றைக் கொடுத்தது. வலியைச் சொல்ல இடமிருக்கும் கூட்டம் வலியின் காரணத்தைப் பற்றியும் ஒரு நாள் பேசத் தொடங்கும். மரத்துப்போனவனால் அது முடியாது. சாட்சி நேரத்தில் நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும் என்று எழுதாத விதி உள்ள சபைகளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கூர்மையானது. கூடிப் பாடுவதும் வீட்டுக்கு வருவதும்தான் மகிழ்ச்சிக்குக் காரணம் என்றால் கிறிஸ்து எதற்கு? ஜனவரியில் பேரகணிக்கு வெள்ளை உடுத்திப் போகும் படகர்களுக்கு ஹெத்தையம்மன் பண்டிகையில் கிடைப்பதும், எஸ்டேட் மாரியம்மன் கோயில் தீமிதியில் கிடைப்பதும் மகிழ்ச்சி இல்லையா? மகிழ்ச்சிதான். அதை மறுக்கும் கிறிஸ்தவர் கண்ணை மூடிக்கொள்கிறார். மகிழ்ச்சி கிறிஸ்தவருக்கு மட்டுமே உரியது என்று நிறுவுவது இந்தக் கட்டுரையின் வேலையும் இல்லை. ஆனால் கூட்டம் மட்டும் போதும் என்பதை லிம்–புட்னம் ஆய்வே ஏற்கவில்லை. சபைக்கு வெளியே உள்ள நட்பு அதே பலனைத் தரவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஒரு மன்றம் தன் உறுப்பினருக்காகவே கூடுகிறது. உறுப்பினர் பயன்படாமல் போனால் தொடர்பும் போய்விடும். சபை தன்னைத் தாண்டிய ஒருவருக்காகக் கூடுவதாகச் சொல்லிக்கொள்கிறது. அவர் கைவிடப்பட்டு மரித்தவர், கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போகச் சொன்னவர் என்பது அதன் நம்பிக்கை. அந்த நம்பிக்கை உண்மையா என்பதை ஆய்வு தீர்மானிக்காது. அது இருக்கும் இடத்தில் சந்தா கட்டாதவரையும் தேடிப்போக ஒரு கட்டாயம் பிறக்கிறது என்பதை மட்டும் காட்டலாம். அந்தக் கட்டாயத்தைச் சபைகள் அடிக்கடி மீறுகின்றன. தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதிவாரிப் பெஞ்சுகளும் தனித்தனிக் கல்லறைகளும் இருந்த வரலாறு எல்லோருக்கும் தெரிந்தது. யாரோடு சேர்ந்து புதைக்கப்படச் சம்மதமில்லையோ அவரோடு சேர்ந்து மகிழ்வதாகச் சொல்வதை நம்ப முடியவில்லை.

இன்னொரு கேள்வி நோயுற்ற மனத்தைப் பற்றியது. மனச்சோர்வு என்பது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். விசுவாசம் குறைந்ததால்தான் சோர்வு என்று சொல்லி மாத்திரையை நிறுத்தச் செய்யும் ஊழியர் கொடிய தீங்கு செய்கிறார். நம்பினால் வீடு, வேலை, விசா என்று அடுக்கும் செழிப்புப் பிரசங்கமும் இதன் உடன்பிறப்புதான். அது லாட்டரிச் சீட்டின் மகிழ்ச்சி. பிரிக்மனின் ஆய்வு அதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது. சீட்டு விழாதவருக்கு அங்கே குற்றவுணர்வும் சேர்ந்து கிடைக்கிறது. இதற்கு எதிர்ச்சாட்சியாக மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சொல்லலாம். உதகையிலும் அவர் ஓய்வுக்கு வந்து தங்கியதுண்டு, வேலை செய்தது திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில். 1931இல் விழுந்து அடிபட்டவர் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் அவர் எழுதியவற்றில் வலி ஒளித்து வைக்கப்படவில்லை. நலமாக இருப்பவர்கள் நோயாளிக்குச் சொல்லும் ஆறுதல் எவ்வளவு தூரம் பயன்படாமல் போகிறது என்பதும் அவற்றில் வருகிறது. அவர் கண்டிப்பையும் அவருடைய ஏகாதிபத்தியக் காலத்துப் பார்வையையும் விமர்சிக்க இடமுண்டு. ஆனால் தாம் வளர்த்த பிள்ளைகள் தம் அறை வாசலில் வந்து பாட, படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த ஒருவரின் மகிழ்ச்சியைத் தனி மனித மனவுறுதி என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

இன்று நீலகிரியில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டிருக்கிறது. தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு ஆராதனை கைபேசியில் வருகிறது. இசை லயத்து ஜெபக்கூட்டத்தைவிட எவ்வளவோ மேல். யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பது அதிலுள்ள வசதி, என் வாதம் சரியென்றால் குறையும் அதுவே. மலையில் காலியான லயன்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர் குடியேறுகிறார்கள். அவர்களில், குறிப்பாக ஜார்க்கண்ட் ஆதிவாசிகளில், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் உண்டு. தமிழ் தெரியாது, பாட்டும் வேறு, மேஸ்திரியிடம் எடைக் கணக்கு கேட்கக்கூட மொழி இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிலோன்காரர் இருந்த அதே நிலை. அன்றைய சபைகள் வந்தவர்களின் தாய்மொழியிலேயே பாடின, ஆகவே வேலை எளிது. இன்று கோத்தகிரியிலோ சேரம்பாடியிலோ உள்ள ஒரு சபை தன் வாராந்திரக் கூட்டத்தை அந்த வீடுகளில் ஒன்றுக்கு மாற்ற முன்வருமா, சாட்சி நேரத்தில் அவர்களுடைய சாத்ரி மொழியில் ஒருத்தி பேசுவதைப் புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேட்குமா என்பதில்தான் சுவரொட்டி வாக்குறுதியின் அடுத்த சோதனை இருக்கிறது.